'முழுமையான அணுகுமுறை' என்று சொல்லும் சைக்காலஜிஸ்ட் நிஜத்தில் என்ன செய்ய வேண்டும்? (ஐ.டி., நைட் ஷிப்ட் ஊழியர்களுக்கு)

ஓஎம்ஆர்_ஓரம் எழுதியது:

வணக்கம். கம்பெனிகளுக்குக் கவுன்சலிங் சேவை தர வருபவர்கள் எல்லாருமே இப்போது 'மனம், உடல், வேலை, குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம்' என்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் யோகா வகுப்பு, டயட் சார்ட், தியான ஆப், மாதம் ஒரு வெபினார். இதில் எது சிகிச்சை, எது அலங்காரம் என்று எச்.ஆரில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அமெரிக்க கிளையன்ட்டுக்கு இரவு வேலை பார்க்கும் ஒருவர் தூக்கம் இல்லை, எரிச்சல், வேலையில் கவனம் இல்லை என்று போனால், நல்ல சைக்காலஜிஸ்ட் எங்கே தொடங்குவார்? துறையில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொன்றை எழுதியது:

கிளினிக்கல் சைக்காலஜி என் துறை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லக் கூடாது. முதல் நாளே யோகா, டயட், டைரி, தியானம், நடை என்று ஐந்து வேலை கொடுத்து அனுப்பினால், ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு அது ஆறாவது சுமை. இரண்டாவது வாரம் 'எதையும் செய்ய முடியவில்லை' என்ற குற்ற உணர்வோடு வருவார், அல்லது வரவே மாட்டார்.

உடல், மனம், சமூகச் சூழல் மூன்றையும் சேர்த்தே நோயைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஏங்கல் எழுதியது 1977இல். அதை நடைமுறையில் கொண்டுவர முதல் அமர்வுக்கு 60 முதல் 90 நிமிடம் வேண்டும். 'என்ன பிரச்சினை' என்பதற்கு முன்னால் நேற்றைய 24 மணி நேரத்தைக் கேட்பேன். எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், எத்தனை காபி, கேப் எத்தனை மணிக்கு, கடைசியாக யாரோடு மனம்விட்டுப் பேசினார், போனை எப்போது கீழே வைத்தார். இதில் கிடைப்பது 'ஸ்ட்ரெஸ் இருக்கா?' என்ற கேள்வியில் கிடைக்காது.

அடுத்து பி.எச்.க்யூ-9, ஜி.ஏ.டி-7 படிவங்கள். முதலாவது மனச்சோர்வுக்கு: கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5, 10, 15, 20 என்பவை லேசானது, நடுத்தரம், சற்றுத் தீவிரம், தீவிரம் என்பதன் தொடக்கப் புள்ளிகள். இரண்டாவது பதற்றத்துக்கு, மொத்தம் 21. நைட் ஷிப்ட் ஆட்களிடம் முதல் படிவம் ஏமாற்றும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தூக்கம், அசதி, பசி, கவனம் ஆகிய 4 கேள்விகளே சேர்ந்து 12 மதிப்பெண் கொடுத்துவிடும். ஷிப்ட் மட்டுமே அந்த நான்கையும் கெடுக்க முடியும். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் முதல் இரண்டு கேள்விகளை, அதாவது எதிலும் ஆர்வமின்மையையும் மனம் தளர்ந்திருப்பதையும், தனியாகப் பார்க்க வேண்டும். அவை 0, 0 என்று இருந்து மொத்தம் 11 வந்தால் கதை வேறு, மனச்சோர்வைவிட ஷிப்டே காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது அமர்வுக்குள் ஒரே தாளில் ஒரு படம் வரைந்துவிட வேண்டும், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து. கற்பனையாக ஒன்று சொல்கிறேன். ஷிப்ட் மாலை 6.30 முதல் விடிகாலை 3.30. வீடு சேர 4.45. 'எனக்கென்று கிடைக்கும் நேரம் இதுதான்' என்று 6.30 வரை போன். 7 மணிக்குத் தூக்கம். 10.30க்குக் குக்கர் விசில், கூரியர் மணி, முழிப்பு. மாலைக்குள் 4 காபி. சனி, ஞாயிறு குடும்பத்துக்காகப் பகலில் முழித்து இரவில் தூக்கம். திங்கள்கிழமை தூக்கமே இல்லாமல் ஷிப்ட், டிக்கெட்டில் (பதிவான வேலைக் கோரிக்கையில்) தவறு, டீம் லீட் எல்லார் முன்னாலும் கேட்கிறார். அடுத்த ஞாயிறு மாலையே நெஞ்சு இறுக்கம். அதைத் தணிக்க இரண்டு பீர், அதனால் பின்பாதித் தூக்கம் கலைகிறது. அம்புக்குறி போட்டு வரைந்தால் இது ஒரு வட்டமாக மூடிக்கொள்வது அவருக்கே தெரியும். எந்த இடத்தில் வெட்டினால் குறைந்த முயற்சியில் வட்டம் உடையும் என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே வார இறுதித் தூக்கமும் காலை போனும். தியானம் பிறகு வரட்டும்.

மருந்துச்சீட்டு எழுதியது:

தொழிற்சாலை, அலுவலக மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் உடல் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். 'முழுமையான' என்ற பெயரில் 60 பரிசோதனை கொண்ட பேக்கேஜ் எடுக்கச் சொல்வார்கள், தேவையில்லை. டி.எஸ்.எச். (தைராய்டுக்கான பரிசோதனை), ஹீமோகுளோபினோடு ரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, சர்க்கரை. பெரும்பாலும் இவ்வளவு போதும்.

காரணம் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் மந்தம், எடை, மறதி எல்லாம் மனச்சோர்வு போலவே தெரியும். கூடினால் படபடப்பு, கை நடுக்கம், பதற்ற நோய் மாதிரி இருக்கும். பி12 குறைவைச் சைவம் சாப்பிடுபவர்களிடமும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களிடமும், நெஞ்செரிச்சல் மாத்திரையைத் தினம் போடுபவர்களிடமும் தேடியே ஆக வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைமட்டத்தில் இருக்கலாம், அதுவும் அசதிதான்.

குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், எழுந்ததும் தலைவலி, மீட்டிங்கில் கண் சொக்குவது எல்லாம் சேர்ந்தால் மூச்சுத்தடைத் தூக்க நோய்க்குப் பரிசோதனை வேண்டும். அதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பேச்சு சிகிச்சை கொடுத்தால் பணமும் நம்பிக்கையும்தான் போகும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். தூக்கத்தையும் மனநிலையையும் அது நேரடியாகப் புரட்டும்.

காபி விஷயம்: காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம். காலை 7 மணிக்குப் படுப்பவர் இரவு 11க்கு மேல் காபி, டீ, எனர்ஜி டிரிங்க் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. 'காபி குடித்தாலும் தூங்கிவிடுவேன்' என்பார்கள். தூங்குவார்கள், ஆழம் இருக்காது. ஒரேயடியாக நிறுத்தினால் 2 நாளைக்குத் தலையைப் பிளக்கும், அதனால் நாளுக்கு ஒரு டம்ளராகக் குறைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தறிச்சத்தம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இதுவரை பேசியது முழுக்க ஊழியர் எதை மாற்ற வேண்டும் என்பதுதான். வேலையை மாற்ற யாரும் சொல்லவில்லையே! மனிதவளக் குறைப்பில் இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்குத் நல்ல தூக்கப் பழக்கம் பற்றி வகுப்பு எடுப்பது நியாயம் இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979லேயே காட்டியது இது: வேலைப்பளு அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு, இரண்டும் சேரும் இடத்தில்தான் மனிதர்கள் உடைகிறார்கள். வெறும் பளு மட்டும் இருந்தால் பலர் தாங்குவார்கள். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 6 தலைப்பு வைத்திருக்கிறது: வேலைப்பளு, கட்டுப்பாடு, ஆதரவு, பணியிட உறவுகள், பொறுப்புத் தெளிவு, மாற்றத்தைக் கையாளும் விதம். 35 கேள்வி கொண்ட படிவம், செலவில்லாமல் பயன்படுத்தலாம். சேவை தர வருபவர் இதைப் போல ஒன்றை வைத்து டீம் வாரியாக அளக்கத் தயாரா என்று கேளுங்கள். தயாரில்லை என்றால் அவருடைய 'வேலை' என்ற சொல் விளம்பரத்துக்கு மட்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் 'பர்ன் அவுட்'டை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலையாகத்தான் சேர்த்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறன் குறைந்ததாக உணர்வது என்ற மூன்றும் வேலையிடத்தைச் சேர்ந்தவை. 2022இல் அவர்கள் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலும் பணியமைப்பில் செய்யும் மாற்றங்களையும் மேலாளர் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது.

ஐ.டி.யை விட்டு வெளியே பாருங்கள். ஜவுளிக்கடை போன்ற இடங்களில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கால் வலியோடு எரிந்து விழும் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்வதற்கு முன்னால் அந்த இருக்கை கவுன்டருக்குப் பின்னால் இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று பார்ப்பதும் மனநல வேலைதான்.

கொன்றை எழுதியது:

@தறிச்சத்தம், உடன்படுகிறேன். நான் சொன்ன படத்தில் 'எல்லார் முன்னாலும் கேட்கிறார்' என்பதும் வெட்ட வேண்டிய ஒரு கண்ணிதான். அங்கே சைக்காலஜிஸ்ட் செய்யக்கூடியது ஊழியரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு நிறுவனத்துக்கு ஒரு கடிதம். அதில் நோயின் பெயர் இருக்கக் கூடாது. என்ன முடியும், என்ன முடியாது, எவ்வளவு காலம் என்பவை மட்டும். 'அடுத்த 6 வாரத்துக்கு ஷிப்ட் நேரம் மாறாமல் இருக்கட்டும். காலை 7 முதல் மாலை 3 வரை அழைப்போ மெசேஜோ வேண்டாம். தவறுகளைத் தனியாகச் சொல்லுங்கள். 6 வாரம் கழித்து மறுபரிசீலனை.' இவ்வளவுதான். 'வேலைப்பளுவைக் குறைக்கவும்' என்று பொதுவாக எழுதினால் எந்த மேலாளருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, கடிதம் ஃபைலில் தூங்கும்.

ரகசியம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, மனநலச் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. நிறுவனம் பணம் கட்டுவதால் நிறுவனத்துக்கு அந்த விவரம் சொந்தமாகிவிடாது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகளை முதல் அமர்வின் முதல் 5 நிமிடத்திலேயே சொல்ல வேண்டும், நடுவில் அல்ல.

இன்னொன்று. பதற்றத்துக்குக் காரணம் பாலியல் தொல்லை என்றால் அதைச் 'சமாளிக்க' பயிற்சி கொடுப்பது பெரிய தவறு. 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகாருக்கு 3 மாதக் கெடு உண்டு. அந்தக் கெடு ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்லாத சிகிச்சையாளர் அவருடைய உரிமையைக் கரைய விடுகிறார்.

மூன்றாம்_ஷிப்ட் எழுதியது:

தூக்க விஷயத்தில் நைட் ஷிப்டுக்குப் பொதுவான அறிவுரைகள் அப்படியே பொருந்தாது. 'காலை வெயிலில் நட' என்பது பகல் ஆட்களுக்கு நல்லது. 4.45க்கு வீடு வந்து 6.30 வெயிலில் பால் வாங்கப் போகும் ஆளுக்கு அது உடலை எழுப்பிவிடும் மணி. விடிந்த பிறகு வீடு திரும்புபவர் கறுப்புக் கண்ணாடி போடலாம், வண்டி ஓட்டாமல் கேபில் வந்தால் மட்டும். ஜன்னலுக்குக் கனத்த திரை, இல்லாவிட்டால் அட்டையை வெட்டி ஒட்டினாலும் போதும். ஃபேன் சத்தம் விசிலை மறைக்கும். கூரியர் பையனுக்குப் பக்கத்து வீட்டு எண் கொடுக்கலாம்.

வார இறுதிதான் பெரிய சண்டை. முழுக்க இரவு வாழ்க்கை வாழச் சொன்னால் குடும்பம் உடையும், முழுக்கப் பகலுக்கு மாறினால் திங்கள் உடையும். நடுவழி, எல்லா நாளும் பொதுவாக ஒரு 4 மணி நேரத்தை நிலையாக வைப்பது. வேலை நாளில் காலை 6 முதல் மதியம் 1, விடுமுறையில் விடிகாலை 3 முதல் 10. அப்போது 6 முதல் 10 எப்போதும் தூக்கம். சனிக்கிழமை மதியச் சாப்பாடு குடும்பத்தோடு நடக்கும்.

இதற்கும் அடங்காத தூக்கமின்மைக்குத்தான் படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறை. 2 வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்ல வேண்டும். படுக்கையில் 8 மணி நேரம், நிஜத் தூக்கம் சராசரி 5.5 என்றால், படுக்கை நேரத்தை 5.5 மணி நேரமாக இறக்குவது. 5க்குக் கீழே எப்போதும் போகக் கூடாது. வாரம் ஒருமுறை, தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 85 சதவீதத்துக்கு மேல் என்றால் 15 நிமிடம் கூட்டு, 80க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறை, நடுவில் என்றால் அப்படியே விடு.

தோற்பதற்கு வழக்கமான காரணம் கேபில் போடும் 40 நிமிடக் குட்டித் தூக்கம், யாரும் அதைக் குறிப்பில் எழுத மாட்டார்கள். முதல் 2 வாரம் பகல் மயக்கம் கூடும், அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நான்காம் நாளே கைவிடுவார்கள். டிரைவர், இயந்திரம் இயக்குபவர், வலிப்பு நோய் உள்ளவர், இருமுனை மனநோய் உள்ளவருக்கு இந்த முறை வேண்டாம். தூக்கத்தைக் குறைத்தால் இருமுனை நோயாளிக்கு மேனியா (கட்டுக்கடங்காத உற்சாக நிலை) கிளம்பலாம்.

ஓஎம்ஆர்_ஓரம் எழுதியது:

தியான ஆப், மூச்சுப் பயிற்சி எல்லாம் வீண் என்கிறீர்களா? பலர் பயன் இருக்கிறது என்கிறார்களே.

கொன்றை எழுதியது:

வீண் இல்லை, யாருக்கு எப்போது என்பதுதான். 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, 5 நிமிடம், தினம் 2 முறை. பதற்றம் இல்லாத நேரத்தில் பழக வேண்டும். பேனிக் அட்டாக் வருபவர், 'மூச்சுப் பயிற்சி செய்யாவிட்டால் செத்துவிடுவேன்' என்று அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டால் பயம் குறையாமல் நிலைத்துவிடும். அவருக்குப் படபடப்பு தானாக ஏறி இறங்குவதைப் பார்க்கப் பழக்குவதுதான் சிகிச்சை. கொடுமையான அனுபவம் உள்ள சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தாலே பழைய காட்சிகள் பொங்கும். அவர்களுக்குக் கண் திறந்தபடி 2 நிமிடம், பாதம் தரையில் படுவதைக் கவனிப்பதிலிருந்து தொடங்கலாம்.

மனச்சோர்வு என்றால் என் முதல் தேர்வு செயல் அட்டவணை. ஒரு வாரம், மணிவாரியாக என்ன செய்தார், அதில் எவ்வளவு நிறைவு, எவ்வளவு சந்தோஷம் என்று 0 முதல் 10 வரை எழுதுவது. 'எல்லாமே பூஜ்யம்' என்பார். தாளில் பார்த்தால் மொட்டை மாடியில் துணி காயப்போட்ட நேரத்துக்கு 3 இருக்கும், போனில் ரீல்ஸ் பார்த்த 2 மணி நேரத்துக்கு 1 இருக்கும். அந்த 3ஐப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம் அதேபோல இரண்டை, நாளும் நேரமும் குறித்து வைப்பது. இங்கே சொதப்புவது அளவில். 'தினம் 1 மணி நேரம் ஜிம்' என்று எழுதுவார்கள். 10 நிமிடத் தெருமுனை நடை என்று எழுதினால்தான் நடக்கும். மனசு வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்தால் வராது, செய்யத் தொடங்கினால்தான் மனசு பின்னால் வரும்.

ஓயாத கவலைக்கு, கவலைக்கென்றே 20 நிமிடம். ஒரே நாற்காலி, ஒரே நேரம், படுக்கப் போவதற்கு முந்தைய 3 மணி நேரத்தைத் தவிர்த்து. தாளில் ஒரு பக்கம் 'நான் ஏதாவது செய்யக்கூடியது', மறுபக்கம் 'என் கையில் இல்லாதது'. முதல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஒரு அடி மட்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சொல்லில் குறித்துவைத்துத் தள்ளிப்போட வேண்டும்.

திண்ணை எழுதியது:

மனநல சமூகப் பணி என் துறை. வீட்டுப் பக்கத்தை யாரும் தொடவில்லை.

பணம் பற்றிக் கேட்க சைக்காலஜிஸ்டுகள் கூச்சப்படுகிறார்கள். இ.எம்.ஐ., லோன் ஆப், நகைக்கடன், சீட்டு, தங்கை கல்யாணக் கடன் எல்லாம் தூக்கமின்மைக்கு நேரடிக் காரணம். ஒரு அமர்வு முழுக்கக் கடன் பட்டியல் போடவே செலவிடலாம். யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, தவணைத் தேதி எது. தலைக்குள் பூதமாக இருந்தது தாளில் 5 வரியாகும். வட்டி அதிகமானதை முதலில், வங்கியில் தவணையை நீட்டிக்கக் கேட்கலாமா என்று ஒவ்வொன்றாக.

குடும்பத்தை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுவது நம் ஊரில் மிகவும் பலன் தரும். 30 நிமிடம் போதும், ஆனால் ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று. 'பகல்ல தூங்குறான், சோம்பேறி' என்ற அம்மாவிடம், உங்கள் மகனுக்கு இதுதான் ராத்திரி என்று சொன்னாலே குக்கர் விசில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போகும்.

ஆனால் பெண்களிடம் கணவரை வைத்துக்கொண்டு எதையும் கேட்காதீர்கள். முதலில் தனியாக, 'வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமாக இருக்கிறதா' என்று நேராகக் கேளுங்கள். வன்முறை இருக்கும் வீட்டில் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க' என்பது ஆலோசனை இல்லை, ஆபத்து. 181 மகளிர் உதவி எண் அவர் போனில் வேறு பெயரில் சேமிக்கப்பட வேண்டும். வெளிநாட்டு ஷிப்ட் முடித்து வந்து சமையலும் மாமியார் மருந்தும் பார்க்கும் பெண்ணுக்கு, 'உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்' என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. வீட்டில் எந்த வேலை யார் கைக்கு மாறும் என்று பெயர் போட்டுப் பேசினால்தான் நேரம் பிறக்கும்.

மருந்துச்சீட்டு எழுதியது:

எப்போது சைக்கியாட்ரிஸ்டிடம் (மாத்திரை எழுதும் மனநல மருத்துவரிடம்) போக வேண்டும் என்பதையும் இங்கே பதிந்துவிடலாம். பி.எச்.க்யூ-9இல் 20க்கு மேல், சாப்பாடு தூக்கம் இரண்டும் நின்றுபோனது, காதில் குரல் கேட்பது, தூக்கமே தேவைப்படாமல் பொங்கும் உற்சாகம், தற்கொலை எண்ணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மாத்திரை பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு இன்னும் கூடுதல். முதல் வாரத்தில் குமட்டலோ பதற்றமோ வரலாம் என்று சொல்லிவைக்காவிட்டால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள். நன்றாகிவிட்டது என்று சட்டென்று நிறுத்துவதும் கூடாது, படிப்படியாகத்தான். வாழ்க்கையில் எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமல் அபார உற்சாகத்தோடு பணத்தை இறைத்த காலம் உண்டா என்று கேட்காமல் மனச்சோர்வு மாத்திரை தொடங்குவது ஆபத்து.

கொன்றை எழுதியது:

தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் அந்த யோசனையை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு. 'வாழவே வேண்டாம் என்று தோன்றியதா? எப்படி என்று யோசித்தீர்களா?' என்று நேராகக் கேட்க வேண்டும். ஆம் என்றால் அன்றைய அமர்வின் வேலை பாதுகாப்புத் திட்டம் மட்டும்: எந்த அறிகுறி வந்தால் மோசமாகிறது, தனியாக என்ன செய்யலாம், யாரோடு இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை அழைக்கலாம், வீட்டிலிருந்து ஆபத்தான பொருட்களை யார் அப்புறப்படுத்துவார். அவர் கையெழுத்திலேயே எழுதி, போனில் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போது அப்படித் தோன்றினால் இழையை அப்படியே விட்டுவிட்டு அந்த எண்ணுக்குப் பேசுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_ஓரம் எழுதியது:

மிக்க நன்றி. ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்பது மட்டும் பாக்கி. 3 அமர்வு இலவசம் என்பதுதான் எல்லாரும் தருவது.

கொன்றை எழுதியது:

3 போதாது. படம் வரைந்து முடிக்கவே அதுதான் ஆகும். 8க்குக் குறையாமல் கேளுங்கள், அதற்குப் பிறகு 1 மாதத்திலும் 3 மாதத்திலும் ஒரு தொடர் அமர்வு. மனச்சோர்வு என்றால் 2 வாரத்துக்கு ஒருமுறை அதே பி.எச்.க்யூ-9 படிவத்தில் அளக்க வேண்டும். 5 மதிப்பெண் குறைந்தால் அர்த்தமுள்ள முன்னேற்றம், 5க்குக் கீழே வந்தால் அறிகுறி ஏறக்குறைய நீங்கியது என்று பொருள். 4 முதல் 6 அமர்வுக்குள் அசையவே இல்லை என்றால் படத்தைத் திருத்த வேண்டும், அல்லது வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். அதே முறையை இன்னும் அழுத்திச் செய்வது பதில் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவெண் கேளுங்கள். மாத்திரை எழுதுவது அவர் வேலை இல்லை, எழுதித் தந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தறிச்சத்தம் எழுதியது:

பில் விஷயத்தையும் சேருங்கள். பில்லில் ஊழியர் பெயரோ எம்ப்ளாயி ஐடியோ வரக் கூடாது, மொத்த அமர்வு எண்ணிக்கை மட்டும். டீம் வாரியான அறிக்கையில் 10 பேருக்குக் குறைவான டீமைத் தனியாகக் காட்டக் கூடாது, 4 பேர் டீமில் '1 நபர்' என்றால் யார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். அமர்வு நேரம் ஷிப்டுக்குள் வர வேண்டும், மாலை 6.30க்கு வேலை தொடங்குபவருக்குக் காலை 11 மணி அப்பாயின்ட்மென்ட் கொடுத்தால் அது அவர் தூக்கத்திலிருந்துதான் போகும்.

ஓஎம்ஆர்_ஓரம் எழுதியது:

குறித்துக்கொண்டேன். இரவு 8 முதல் 12 வரை ஸ்லாட் தர முடியுமா என்பதை முதல் கேள்வியாக வைக்கிறேன்.